மேனி நிறமும் பூச்சு நிறமும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த பழம்பதி விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். சுந்தரர் இவ்வூரிற் பெற்ற பன்னீராயிரம் பொன்னை ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்றும், எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது என்றும் புராணம் கூறும். பொன்னேயாயினும் அதன் மஞ்சள் நிறத்தைக் கண்ட அளவில் அமையாது, உரைகல்லில் உரைத்து அறிதல் பழையோர் வழக்கம். ஒரு பொருளின் நிறம் அதன் உள்ளிருந்து வருவதோ, மேலே ஒட்டியிருப்பதோ என்னும் வினாவிற்கு விடை காணும் முறை அது.

அவ்வினாவை இன்றும் கேட்பதற்கு ஏற்ற ஊர் விருத்தாசலமே. இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்குகளும், மின்சார ஃபியூஸ் கட்டைகளும், கொலுப் பொம்மைகளும் உருவாகின்றன. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும் இடங்களிற் கிடைக்கும் களிமண் இத்தொழிலுக்கு உறுதுணை. மண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் ஊற்றுவர். அச்சு நீரை உறிஞ்ச, மண் இறுகிப் பொம்மையாக நிற்கும். அதனை எடுத்துப் பிசிறு நீக்கி உலர்த்திச் சூளையில் இடுவர்.

சூளையிலிருந்து வெளிவந்த பொம்மைக்குப் பழுப்பு நிறம் ஏற்ற இருவழிகள் உள. இரும்பின் துரு கலந்த கண்ணாடிப் பூச்சில் அதனைத் தோய்த்து மீண்டும் சூளையில் வைப்பது ஒருவழி. கிளேஸ் என்று தொழிலாளர் கூறும் அப்பூச்சு நெருப்பில் உருகிப் பொம்மையின் உடலோடு ஒன்றாகிவிடும். இரும்பு பழுப்பு நிறமாய் வெளிப்படும். நீரில் ஊறவைத்தாலும், நகத்தாற் கீறினாலும் அந்நிறம் போகாது. சுட்ட பொம்மையின் மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி உலரவிடுவது மற்றொரு வழி. இது எளிது, செலவும் குறைவு. ஆயினும் வண்ணம் மேலேயே தங்கும். நாளடைவில் உரிந்துவிடும். கடையிற் பக்கத்திற் பக்கத்தில் வைத்தால் இரண்டு பொம்மைகளும் ஒன்றுபோலவே தோன்றும். உரைத்துப் பார்த்தாலன்றி வேறுபாடு விளங்காது.

மனித மேனிக்கும் இவ்விருவகைப் பழுப்பும் உண்டு. வெயிலில் உழைப்பவர் உடலில் உண்டாவது ஒன்று. வெயிலிற் செல்லாமலே, ஒரு பசையைப் பூசி நான்கு மணி நேரத்திற் பெறுவது மற்றொன்று. மேலைநாட்டுக் கடைகளில் பெரிதும் விற்பனையாகும் இந்தச் செயற்கைப் பழுப்புப் பூச்சு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியத் தோலின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

தோலில் மேற்றோல், உட்டோல் என இரு பகுதிகள் உள்ளன. மேற்றோலின் அடிவரிசையில் உயிரணுக்கள் இடைவிடாது பிறக்கின்றன. பிறந்தவை மெல்ல மெல்ல மேலே தள்ளப்படுகின்றன. மேலே வரவரத் தட்டையாகி, கெராட்டின் என்னும் உறுதியான புரதத்தால் நிறைந்து, முடிவில் உயிரிழந்து, ஓடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. நகமும் மயிரும் இப்புரதத்தால் ஆனவையே. உயிரற்ற இம்மேலடுக்கைக் கொம்புப் படலம் என்பர். உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மிகத் தடித்திருக்கும். நாள்தோறும் குளிக்கும்போதும் துவட்டும்போதும் இதன் மேற்செதில்கள் கண்ணுக்குப் புலனாகாமல் உதிர்கின்றன. உதிர்ந்த இடத்தைக் கீழிருந்து வருபவை நிரப்புகின்றன. அடியிற் பிறந்த அணு மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும். ஆகவே மனிதன் தன் மேனியிற் கண்ணாற் காணும் பரப்பு உயிரற்றது. அதன் கீழே இருப்பதே உயிருள்ளது. இதனை நினைவில் வைத்துக்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

மேற்றோலின் அடிவரிசையில் நிறமி அணுக்கள் என்பன இடையிடையே அமர்ந்திருக்கின்றன. மெலனின் என்னும் கரும்பழுப்புப் பொருளை ஆக்குவது அவற்றின் தொழில். ஆக்கிய பொருளைச் சிறுசிறு மணிகளாகச் சுற்றிலுமுள்ள அணுக்களுக்கு அவை வழங்கிவிடுகின்றன. பெற்றுக்கொண்ட அணு அம்மணிகளைத் தன் உட்கருவின் மேல் குடைபோல் கவித்துக்கொள்கிறது. உட்கருவினுள்ளே உயிரின் மரபுச் செய்தி அடங்கியுள்ளது. வெயிலின் புறஊதாக் கதிர் அதனைச் சிதைக்காதபடி அக்குடை தடுக்கிறது. கரியவர்க்கும் வெளியவர்க்கும் நிறமி அணுக்களின் எண்ணிக்கையிற் பெரிய வேறுபாடு இல்லை. அவை ஆக்கும் மெலனினின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு. நிறத்தைக் கொண்டு மாந்தரை உயர்த்தியும் தாழ்த்தியும் பேசுவோர் இச்சிறு செய்தியை அறிந்திருந்தால் நன்றாயிருக்கும்.

பொம்மைகளை வெட்டவெளியில் உலர்த்தும் பெண்ணின் கைகளைக் காண்க. வளையல் மறைத்த இடம் ஒரு நிறமாகவும், வெயில் பட்ட இடம் வேறு நிறமாகவும் இருக்கும். புறஊதாக் கதிர் பட்டுத் தோலின் அணுக்கள் ஊறுபட்டமையால், நிறமி அணுக்கள் விழித்துக்கொண்டு மிகுதியாக மெலனினை ஆக்கின. இரண்டு மூன்று நாட்களிற் புது நிறம் வெளிப்பட்டது. அதே தொழிற்கூடத்திற் சூளையின் முன் நிற்பவரும் வெப்பத்தில் வாடுகிறார். அவர் முகம் சிவக்கிறது, வியர்வை பெருகுகிறது. எனினும் வெயில் கருக்கச் செய்வதுபோற் சூளை அவரைக் கருக்கச் செய்வதில்லை. சூளையின் வெப்பக் கதிரிற் புறஊதாக் கதிர் இல்லை என்றே கூறலாம். தோலைப் பழுப்பாக்குவது வெயிலின் சூடு என்று பலர் எண்ணுவது பிழை. குளிர்ந்த மலையுச்சியில் நிற்பவரும் கருத்துப்போவதன் காரணம் இதுவே.

இனிச் செயற்கைப் பழுப்பிற்கு வருவோம். அதன் இயல்பை ஆய்வுக்கூடத்திற்குச் செல்லாமல் அடுக்களையிலேயே காணலாம். கத்தரிக்காயை அரிந்து நீரிலிடாமல் வைத்தால், வெட்டிய முகம் சிறிது நேரத்திற் பழுப்பாகிறது. காயினுள் இருந்த நொதியொன்று காற்றோடு கூடிச் செய்த வேலை அது. மெலனினை ஆக்கும் நொதியும் அதற்கு உறவுடையதே. இரண்டிலும் செம்பு அணுக்கள் உள்ளன. ஆகவே வெயிலாற் கருத்த மேனியும் வெட்டிவைத்த கத்தரிக்காயும் ஓரினத்துப் பழுப்பு எனலாம். மற்றொரு பழுப்பைக் காண, விருத்தாசலத்தையும் பண்ணுருட்டியையும் சுற்றிய செம்மண் நிலங்களில் விளையும் முந்திரிப் பருப்பை நெய்யில் வறுத்தல் வேண்டும். வெண்மையாக இருந்த பருப்பு பொன்னிறமாகிப் பின் பழுப்பாகிறது. இங்கே நொதி யாதும் இல்லை. பருப்பிலுள்ள சர்க்கரையும் புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்களும் சூட்டில் ஒன்றோடொன்று கூடிப் புதுநிறமும் புதுமணமும் பெற்றன. தோசையின் முறுகலும், ரொட்டியின் மேலோடும், வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் இதனால் வருவனவே. பிரான்சு நாட்டு வேதியியலறிஞர் லூயி காமில் மயார் 1912-ஆம் ஆண்டில் இவ்வினையை விளக்கினார். அதனால் இதனை மயார் வினை என வழங்குவர்.

செயற்கைப் பழுப்புப் பூச்சு இந்த முந்திரிப்பருப்பின் இனத்தைச் சேர்ந்தது. அதன் உயிர்நாடியான பொருள் டைஹைட்ராக்சி அசிட்டோன். பெயர் நீண்டதாயினும் பொருள் எளிது. கரி அணுக்கள் மூன்றே கொண்ட மிகச் சிறிய சர்க்கரை அது. எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் கிடைக்கும் கிளிசரினை நுண்ணுயிரிகளாற் புளிக்கவைத்து அதனை எடுக்கின்றனர். கள்ளைக் காடியாக்கும் நுண்ணுயிரிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை அவை.

இச்சர்க்கரை தோலை நிறமாற்றும் என்பது அழகுப் பொருள் தேடியவர் கண்ட உண்மையன்று; நோயுற்ற குழந்தைகளின் பக்கத்தில் நின்றவர் கண்டது. 1950-களில் அமெரிக்காவின் சின்சின்னாட்டி நகரில் ஈவா விட்ஜென்ஸ்டைன் என்னும் அம்மையார், உடலிற் சேர்ந்த சர்க்கரையைப் பயன்படுத்த இயலாத பிறவி நோயுடைய குழந்தைகளை ஆய்ந்துவந்தார். அவர்களுக்கு இச்சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது வழக்கம். குழந்தைகள் சிந்தியும் துப்பியும் குடித்தன. சிந்திய இடங்களிற் சில மணி நேரத்திற்குப்பின் தோல் பழுப்பாகியிருந்தது. அதே கரைசல் பட்ட துணியிலோ கறை இல்லை. பிறர் துடைத்துவிட்டுப் போகக்கூடிய அக்கறையை அம்மையார் நின்று நோக்கினார். அக்கரைசலைத் தம் தோலிலேயே பூசிப் பார்த்தார். மீண்டும் மீண்டும் பழுப்பு நிறம் உண்டாயிற்று. 1960-இல் அவரும் அவருடன் பணிபுரிந்த ஒருவரும் அதுபற்றிய கட்டுரையை வெளியிட்டனர். அதே காலத்தில் அமெரிக்கக் கடைகளில் இச்சர்க்கரை கலந்த பூச்சுகள் வந்துவிட்டன. தொடக்கத்தில் வந்தவை மேனியைக் கிச்சிலிப்பழ நிறமாக்கித் திட்டுத்திட்டாக நின்று நகைப்பிற்கு இடமாயின. பின்னர்ச் சர்க்கரையைத் தூய்மைப்படுத்தும் முறை திருந்த, நிறமும் திருந்தியது.

வேலை நடைபெறும் முறை இது. பூச்சிலுள்ள சர்க்கரை கொம்புப் படலத்தினுள் நுழைகிறது. அங்குள்ள இறந்த அணுக்களின் புரதத்தில் அமினோ அமிலங்கள் உள்ளன. சர்க்கரை அவற்றோடு கூடி மெலனாய்டின் என்னும் பழுப்புப் பொருள்களாகிறது. முந்திரியை வறுக்க நெருப்பு வேண்டும். இச்சர்க்கரையோ மிக விரைந்து கூடும் இயல்பினதாகலின் உடலின் வெம்மையே அதற்குப் போதுமானது. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் நிறம் தோன்றத் தொடங்கி ஒரு நாள் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும், முதிர்ந்துகொண்டே செல்லும். பூசியவரிடம் பிஸ்கோத்துச் சுட்டாற் போன்ற மணம் சிறிது வீசும். மேனியே வாணலியாகிவிட்டது போலும்! கொம்புப் படலம் தடித்த இடத்தில் நிறம் மிகுதியாக ஏறும். ஆதலின் முழங்கை, முழங்கால், குதிகால் ஆகியவை பிற இடங்களைவிடக் கறுத்துத் தோன்றும். பூசியவுடன் கைகழுவ மறந்தவரின் உள்ளங்கை பல நாட்கள் அவரைக் காட்டிக்கொடுக்கும். நிறமேறியவை யாவும் உதிர்ந்துபோக இருக்கும் செதில்களே. எனவே ஐந்து முதல் ஏழு நாட்களில் நிறம் வெளுக்கும். பத்து நாட்களுக்குள் பெரும்பாலும் மறையும். நிறமி அணுக்களுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

தமிழ்நாட்டார்க்கு இது புதுமையன்று. மருதாணியை அரைத்துக் கையிலிட்டுக்கொள்ளும் சிறுமி இதே வேலையைத்தான் செய்கிறாள். மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் கொம்புப் படலத்தின் கெராட்டினைப் பற்றிக்கொள்கிறது. கழுவியவுடன் செம்மஞ்சளாகத் தெரிவது ஒன்றிரண்டு நாட்களில் ஆழ்ந்த செம்மையாகிறது. தடித்த உள்ளங்கையில் நன்கு பற்றுவதும், மெல்லிய புறங்கையில் விரைந்து மங்குவதும் முன்கூறிய காரணத்தாலேயே. நகத்திற் பற்றிய நிறமோ கழுவிப் போவதில்லை. நகம் வளர வளர நுனியை நோக்கி நகர்ந்து வெட்டுண்டு போகிறது. இறந்த பொருளில் ஏறிய நிறம் அப்பொருளோடு செல்லும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனாற் சந்தையில் ‘கறுப்பு மருதாணி’ என்று விற்பதில் எச்சரிக்கை வேண்டும். விரைவில் கருமை பெறும்பொருட்டு மயிர்ச்சாயத்திற்கு உரிய வேதிப்பொருளைச் சிலர் அதிற் கலக்கின்றனர். அது கொப்புளத்தை உண்டாக்கும், தழும்பும் விடும், ஒருமுறை ஒவ்வாமை தோன்றினால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடும். முந்திரி உடைக்கும் தொழிலாளரின் விரல்களைக் கறுக்கச் செய்யும் ஓட்டெண்ணெயும் இத்தகையதே. அது நிறமேற்றுவதோடு தோலைப் பொசுக்கவும் செய்கிறது.

மேலைநாட்டார் பழுப்பு நிறத்தை விரும்பும் வரலாறும் நீண்டதன்று. வயலில் உழைப்போர் கருத்திருந்த காலத்தில் அந்நாட்டுச் செல்வர் வெளுத்த மேனியையே போற்றினர். உழைப்போர் ஆலைகளுக்குள் புகுந்து வெளுத்தபின், கடற்கரையில் ஓய்வெடுத்துக் கருத்து வருவது செல்வத்தின் அடையாளமாயிற்று. 1920-களில் அவ்விருப்பம் பரவியது. பின்னர்ப் புறஊதா விளக்குகளின்கீழ்ப் படுத்து மேனியைக் கருக்கும் கூடங்களும் எழுந்தன. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009-இல் அவ்விளக்குகளைப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வரிசையிற் சேர்த்தது. அவற்றோடு ஒப்பிட்டால், சர்க்கரைப் பூச்சுத் தீங்கு குறைந்ததே. பழந்தமிழரோ மாந்தளிர் போன்ற மாமை நிறத்தை மகளிர்க்கு அழகென்று போற்றினர். பிரிவால் மேனி வெளிறுதலைப் பசலை என்று பெயரிட்டு வருந்தினர். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. அவர் வழிவந்தோர் இன்று வெளுப்பதற்குக் களிம்பு தேடுவது வியப்பிற்குரியது. அக்களிம்புகள் சிலவற்றிற் பாதரசம் கலந்திருத்தலும், அதனாற் சிறுநீரகம் பழுதுறுதலும் மருத்துவர்களால் கண்டறியப்பட்டுள்ளன.

அவ்வாறாயின் மேனியைப் பழுப்பாக்கும் பூச்சு தமிழ்நாட்டில் யாருக்கு வேண்டும் என்னும் வினா எழும். வேண்டுவோர் இருக்கின்றனர். வெண்புள்ளி உடையோரே அவர்கள். உடலின் காவற்படையே தவறுதலாக நிறமி அணுக்களை அழித்துவிடுவதால் தோலில் ஆங்காங்கே வெண்திட்டுகள் தோன்றும் நிலை இது. பிறர்க்கு ஒட்டுவதன்று, தொழுநோய்க்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் குட்டம் என்னும் சொல்லைச் சேர்த்துப் பழையோர் வழங்கிய பெயர், எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளியிற் பின்வரிசைக்கும், எத்தனையோ பெண்களை வீட்டின் உள்ளறைக்கும் தள்ளிவிட்டது. கரிய மேனியில் வெண்மை மிகத் தெளிவாகத் தெரிதலின் இந்நாட்டில் அவர் படும் துன்பம் மிகுதி.

அத்தகையவர் வெயிலில் நின்றாலும் வெண்திட்டுக் கருப்பதில்லை. இரும்பு கலவாத பூச்சைச் சூளையில் எத்தனை முறை இட்டாலும் இரும்பின் பழுப்பு வராததுபோல. வெயில் பட்டாற் சுற்றியுள்ள தோலே மேலும் கருத்துத் திட்டை இன்னும் எடுத்துக்காட்டும். ஆயின் சர்க்கரைப் பூச்சிற்கு நிறமி அணு தேவையில்லை. இறந்த செதிலும் அதிலுள்ள புரதமும் வெண்திட்டிலும் குறைவின்றி உள்ளன. ஆகவே அங்கும் பழுப்பு ஏறுகிறது. நீரிலும் வியர்வையிலும் அது கரைவதில்லை, சட்டையில் ஒட்டுவதுமில்லை. திருமணத்திற்கோ, பணிக்கான நேர்காணலுக்கோ செல்பவர் சில நாட்கள் பிறர் பார்வையிலிருந்து விடுபட இது உதவும். நோயை இது தீர்ப்பதன்று. தீர்க்கும் மருத்துவம் வேறு. நிறம் மறைக்க வேண்டிய குறையன்று என்று எண்ணி, ஏதும் பூசாமல் நிமிர்ந்து நடப்பவரும் உளர். இரண்டில் எதனைக் கொள்வது என்பது அவரவர் உரிமை. அடுத்திருப்போர் கூறுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

இங்கே தவறாது அறியவேண்டியது ஒன்று உண்டு. பூச்சினாற் பழுப்பான வெண்திட்டு, கண்ணுக்குச் சுற்றியுள்ள தோலைப்போலவே தோன்றும். சுற்றியுள்ள தோலிலோ ஒவ்வோர் அணுவின் உட்கருவின்மேலும் மெலனின் குடை கவிந்திருக்கிறது. திட்டின்கீழ் அக்குடை இல்லை. மேலே உள்ள பழுப்பு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு மிகச் சிறிது. நிறம் வந்துவிட்டது என்று நம்பி நண்பகலில் நின்றவர்க்குத் திட்டு மட்டும் சிவந்து கொப்பளிக்கும். வெளுத்த மேனியுடைய மேலைநாட்டார்க்கும் இதுவே நிகழும். அதனால் அமெரிக்காவில், வெயிற்காப்புப் பொருள் கலவாத இப்பூச்சுகளின் புட்டிகளில் ‘இது வெயிலிலிருந்து காவாது’ என்னும் எச்சரிக்கையை அச்சிடுதல் சட்டத்தாற் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பூசிய முதல் நாளில் வெயில் பட்டால் தோலிற் கேடு செய்யும் துகள்கள் வழக்கத்தினும் மிகுதியாகத் தோன்றுகின்றன என்று ஆய்வொன்று காட்டியமையால், அன்று நிழலில் இருத்தல் நலம். பின்னரும் வெளியே செல்லும்போது அதன்மேல் வெயிற்காப்புக் களிம்பு பூசுவதோ, முழுக்கைச் சட்டையும் குடையும் கொள்வதோ இன்றியமையாதது.

பூசும் முறையிலும் சில கவனங்கள் உண்டு. தோல் மருத்துவரைக் கேட்டபின், காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிது பூசி ஒரு நாள் பார்த்தல் வேண்டும். அரிப்பும் தடிப்பும் இல்லையாயின் மேலே செல்லலாம். முதலிற் குளித்துத் துண்டினால் மெல்லத் தேய்த்து, உதிர இருக்கும் செதில்களை உதிர்த்துவிட்டு உலர்த்துவர். வெண்திட்டின் எல்லையைத் தாண்டாதபடி பஞ்சு சுற்றிய சிறு குச்சியினால் தடவுவர். கண், உதடு, மூக்கின் உட்புறம் ஆகிய இடங்களிற் படலாகாது. தெளிப்பானாகக் கிடைப்பதை மூச்சோடு உள்ளிழுத்தலும் ஆகாது. உலரும் வரை ஆடை படாமல் இருந்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவர். முதல் நாள் நிறம் குறைவாக இருப்பின் மறுநாள் இன்னொரு முறை பூசலாம்.

விருத்தாசலத்திற் செய்த வண்ணப் பொம்மைகளை நவராத்திரி முடிந்ததும் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைப்பர். மறுஆண்டு எடுக்கும்போது மூக்கிலும் விரலிலும் வண்ணம் உரிந்திருக்கும். வெள்ளை மண் வெளியே தெரியும். உரிந்த இடங்களிற் புதிதாகத் தீட்டிக் கொலுவில் ஏற்றுவர். சர்க்கரைப் பூச்சு இட்டுக்கொண்டவரும் ஐந்தாறு நாட்களுக்கு ஒருமுறை அவ்வாறே கண்ணாடிமுன் அமர்ந்து, வெளுக்கத் தொடங்கிய இடத்தைத் தேடிக் குச்சியை எடுக்கிறார்.